முப்பது மூடியும் ஒரு சாவியும்

என் புருஷன் பாஸ்கல் சீட்டாட உட்கார்ந்தால் பூசை கேட்க உட்கார்ந்த மாதிரி இருக்கும். வாயைத் திறக்க மாட்டார். நல்ல சீட்டு வரட்டும், வரட்டும் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் கவிழ்த்து வைத்துக்கொண்டே போவார். கடைசியில் நல்ல சீட்டு வந்து சேரும்போது வைத்து ஆட அவரிடம் ஒன்றும் இருக்காது. வருஷா வருஷம் இதே கதைதான். மனுஷன் எழுந்து வந்து, "இன்னைக்கு சீட்டே வரலமே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமெரிக்கக் கோதுமைக் கப்பல்கள் துறைமுகத்தில் வரிசை கட்டி நின்ற அந்த அறுபத்தேழாம் வருஷம், அவருக்குப் பதிலாக நான் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் சந்து ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் பாதையை ஒட்டி இருந்தது. சந்து முனையில் துறைமுகத் தொழிலாளிகளின் மன்றம். மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு கேரம் போர்டு, சுவரில் மாதா படம், சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், ஒரே ஒரு இரும்புக் கேட்டு. அந்தச் சுவருக்குள்தான் சந்துக்கே இருந்த ஒற்றைக் கார்ப்பரேஷன் குழாய். குழாய் எல்லாருக்கும் பொது. கேட்டுச் சாவி மட்டும் மன்றத்துக்குச் சொந்தம்.

அந்தச் சாவி யார் மடியில் இருப்பது என்பதற்குத்தான் சீட்டாட்டம். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள். காலைப் பூசை முடிந்ததும் மன்றத்தில் மூணு சீட்டு நடக்கும். காசு வைத்து ஆடக் கூடாது என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் கலர் பாட்டில் மூடிகளை வைத்து ஆடுவார்கள். ஆளுக்கு முப்பது மூடி. தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசியாக உட்கார்ந்திருப்பவர்தான் அந்த வருஷத்து ராஜா. அவருக்கு ஜிகினாக் காகிதத்தில் ஒரு கிரீடமும், வருஷம் முழுவதும் கேட்டுச் சாவியும். யாரோ விளையாட்டாக ஆரம்பித்த வழக்கம். ஆண்களுக்கு அது விளையாட்டாகவே இருந்தது, தண்ணீர் தூக்குகிறவர்கள் அவர்கள் இல்லையே.

மூன்று வருஷமாக ஸ்டானிஸ்லாஸ்தான் ராஜா. கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் கும்பலுக்கு அவர் தண்டல், அதாவது தலைவர். நல்ல உயரம், நல்ல குரல், அதைவிட நல்ல மீசை. விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும், சாயங்காலம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அவர் வீட்டாரும் அவருடைய தோஸ்துகளும் குளித்து, துவைத்து, தொட்டியை நிரப்பிய பிறகுதான் எங்களுக்குக் கேட்டு திறக்கும். நானும் சந்தில் பாதிப் பெண்களும் துறைமுகத்துக் கோதுமை ஷெட்டில் சாக்கு தைக்கிற வேலை. கேட்டு திறக்கும்வரை நின்றால் வேலை போய்விடும். அதனால் ரயில் பாதையைத் தாண்டி, நிற்கிற வாகன்களுக்கு அடியில் குனிந்து நுழைந்து, யார்டில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய்க்குப் போவோம்.

அப்படிப் போனபோதுதான் என் நாத்தனார் சிலுவையம்மாளின் கால் நசுங்கியது. குடத்தோடு வாகனுக்கு அடியில் இருந்தபோது என்ஜின் வந்து இடித்து வண்டி நகர்ந்துவிட்டது. கால் போகவில்லை, ஆனால் அது பழைய காலாகவும் ஆகவில்லை. கோலை ஊன்றிக்கொண்டுதான் நடக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்று நான் நேராக ஸ்டானிஸ்லாஸிடம் போய், காலையில் முதலில் எங்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் பல் குத்திக்கொண்டே, "ராஜா வெச்சதுதாம்மா டைமு. நீ ராஜாவாயி உன் டைமை வெச்சுக்கோ" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உறுப்பினருக்கு உடம்பு முடியாவிட்டால் அவர் வீட்டு ஆள் உட்காரலாம் என்று ஒரு விதி இருந்தது. முன்னொரு வருஷம் தனக்குக் காய்ச்சல் என்று மகனை உட்கார வைப்பதற்காக ஸ்டானிஸ்லாஸே கொண்டுவந்த விதி. திருநாள் காலையில் பாஸ்கலுக்கு வயிற்றுவலி வந்தது. வர வைத்தது நான்தான். வயிற்றுவலிக்காரர் மன்றத்து வாசலில் நின்று பருப்பு வடை தின்றதுதான் கொஞ்சம் இடித்தது.

நான் பாயில் போய் உட்கார்ந்தேன். ஸ்டானிஸ்லாஸ் என்னைப் பார்த்தார், பாஸ்கலைப் பார்த்தார், வடையைப் பார்த்தார். விதியை மாற்றலாம் என்றால் அவர் மகன் அங்கேயே நிற்கிறான். சவரிநாதன், கிரேன் ஓட்டுகிறவர், நல்ல மனுஷன், வீட்டு ஆள் என்றால் வீட்டு ஆள்தானே என்று முனகினார். கடைக்காரர் தவசிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூடியெல்லாம் அவர் கடை மூடி. அவர், "உக்காரட்டும் வே. பத்து நிமிசத்துல எந்திச்சிருவா" என்றார். இவர்களோடு யார்டில் வேலை செய்யும் அண்ணன் தம்பி இரண்டு பேர். மொத்தம் ஆறு பேர். எதிர் டீக்கடை கலீலுல்லா பாய் எங்கள் மன்றத்து ஆளே இல்லை என்பதால் வருஷா வருஷம் அவர்தான் சீட்டுப் போடுவார். ஸ்டானிஸ்லாஸ் கேட்டை உள்ளே பூட்டிச் சாவியைத் தன் மடியில் சொருகிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே சாயங்காலத் தண்ணீருக்காகப் பெண்கள் அப்போதே குடங்களை வரிசை வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு மூன்று சீட்டு. மூன்றும் ஒன்றானால் பெரிது, அடுத்தது வரிசை, அடுத்தது ஜோடி. எதுவும் இல்லையென்றால் யாரிடம் பெரிய சீட்டோ அவருக்கு. சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் நடுவில் மூடி போட வேண்டும். அதற்கு ராஜா வரி என்று பெயர். ஆரம்பத்தில் வரி ஒரு மூடி. பக்கத்துப் பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி போனால் வரி இரண்டு. அடுத்த வண்டி போனால் நாலு. இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். சீட்டு பிடித்தால் மேலே வைக்கலாம், பிடிக்காவிட்டால் கவிழ்க்கலாம். துணிந்தவர் தன்னிடம் இருக்கும் மொத்தத்தையும் நடுவில் கொட்டலாம். எதிராளி அதற்கு ஈடாக வைக்க வேண்டும், இல்லையென்றால் கவிழ்க்க வேண்டும். எல்லாரும் கவிழ்த்துவிட்டால் கொட்டியவர் நடுவில் கிடப்பதை அள்ளிக்கொள்வார். தன் சீட்டைக் காட்டவே வேண்டாம்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் என் புருஷன் வருஷக் கணக்கில் கவனிக்கவே இல்லை. நான் ஷெட்டில் சாப்பாட்டு நேரத்தில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து ஆடிக் கற்றவள். ஜெயிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நல்ல சீட்டு. மற்றொன்று, எதிராளி பயந்துபோய்க் கவிழ்ப்பது. முதலாவது ஆண்டவர் கையில். இரண்டாவது நம் கையில் எத்தனை மூடி இருக்கிறது என்பதில்.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை. கவிழ்த்துக் கவிழ்த்து வரி மட்டும் கட்டினேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஸ்டானிஸ்லாஸோடு மோதி, வந்த வேகத்தில் எழுந்துவிட்டார்கள். ஒரு கூட்ஸ் போய் வரி இரண்டானது. எனக்கு இருபது மூடி மிச்சம். சவரிநாதனுக்கு என்னைவிடக் கொஞ்சம் கூட, தவசிமுத்துவுக்கு ஐம்பது சில்லறை, ஸ்டானிஸ்லாஸ் முன்னால் எண்பது மூடி குவிந்து கிடந்தது. பாஸ்கல் என் பின்னால் குனிந்து, "அவசரப்படாதே, சீட்டு வரட்டும்" என்றார். துறைமுகப் பக்கம் என்ஜின் ஊதுவது கேட்டது. கோதுமைக் கப்பல் நிற்கிறது, வண்டி ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது எனக்கு ஷெட்டு மேஸ்திரியின் முகம் ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்தில் எங்கள் சாப்பாட்டு நேரத்தைப் பாதியாகக் குறைத்தான். முப்பது பேர் இருந்தோம். அன்றைக்கே ஊசியைக் கீழே போட்டிருந்தால் அவன் ஆடிப்போயிருப்பான், கப்பல்காரன் அவன் தலையில் ஏறியிருப்பான். கொஞ்சம் பொறுப்போம், நல்ல சமயம் வரட்டும் என்று எல்லாருமாகச் சொல்லிப் பொறுத்தோம். பொறுத்த நாளில் பாதிப்பேர் எண்ணூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள். கடைசியில் நாங்கள் நாலு பேர் அவன் முன்னால் நின்று, வேலையை நிறுத்துவோம் என்றோம். "நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு அவன் பீடியைப் பற்றவைத்தான். எங்கள் நியாயம் அன்றும் அதே நியாயம்தான். அவனைப் பயப்பட வைக்கத்தான் எங்களிடம் ஆள் இல்லை. அன்று ராத்திரி நான் அழுத அழுகை வருத்தத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

இருபது மூடியும் அதே கணக்குத்தான். வண்டி போய் வரி நாலானால், இந்த இருபது நான் கவிழ்க்கக் கவிழ்க்கக் கரைந்து பத்தாகும். பத்து மூடியைக் கொட்டினால் யாருக்குப் பயம் வரும்? போனால் பத்துதானே என்று எல்லாரும் வைப்பார்கள். கொட்டுவதென்றால் இப்போதே கொட்ட வேண்டும். யார்மேல் என்பதும் முக்கியம். ஸ்டானிஸ்லாஸுக்கு இருபது என்பது பல்லிடுக்குச் சோறு. சவரிநாதனுக்கு அது உயிர்.

அடுத்த ஆட்டத்தில் தவசிமுத்துவும் ஸ்டானிஸ்லாஸும் கவிழ்த்தார்கள். சவரிநாதன் யோசித்து நாலு மூடி வைத்தார். என்னிடம் ஒரு ராணி, ஒரு ஆறு, ஒரு மூன்று. ஒன்றுக்கும் உதவாத சீட்டு. கனமான சாக்கைத் தூக்குவதற்கு முன் செய்கிற பழக்கத்தில் கை தானாக நெற்றிக்குப் போயிற்று, சிலுவை போட்டுக்கொண்டேன். இருந்ததை எல்லாம் நடுவில் கொட்டினேன்.

சவரிநாதன் தன் சீட்டைப் பார்த்தார். தன் மூடிகளைப் பார்த்தார். வைத்துத் தோற்றால் எட்டு மூடிதான் மிஞ்சும். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். "சிலுவை போட்டுட்டு வைக்குது. பெருசா ஏதோ கீது" என்று சொல்லி ஒரு ஜோடி பத்தைக் காட்டிவிட்டுக் கவிழ்த்தார். நான் அள்ளிக்கொண்டேன். என் ராணியும் ஆறும் மூன்றும் யாரும் பார்க்காமல் கட்டுக்குள் போயின.

அந்தக் கூடத்தில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் முட்டி போடுகிறவர்கள். திருநாள் அன்று மாதா படத்துக்குக் கீழே ஒரு பெண் சிலுவை போட்டுப் பொய் ஆடுவாள் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. நல்ல சீட்டு வந்ததற்கு நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் பயத்தில் போட்டேன். அதில் பொய் என்ன இருக்கிறது? பயம் வந்தால் ஆண்டவரைத்தான் கூப்பிட முடியும், மேஸ்திரியையா கூப்பிடுவது?

வண்டி போயிற்று. வரி நாலாயிற்று. சவரிநாதன் அதன்பிறகு என் புருஷன் மாதிரியே காத்திருந்தார். காத்திருந்து ஆறு மூடிக்கு வந்தபோது அவருக்கு நிஜமாகவே ராஜா ஜோடி வந்தது. ஆசையாகக் கொட்டினார். ஆறுதானே என்று தவசிமுத்துவும் வைத்தார், ஸ்டானிஸ்லாஸும் வைத்தார். இரண்டு பேர் உள்ளே வந்தால் ஒருவருக்காவது ஏதாவது விழத்தான் செய்யும். தவசிமுத்துவுக்கு ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசை. சவரிநாதன் எழுந்து, தனக்கு ஜோடி வந்ததே என்று சுற்றி நின்ற எல்லாரிடமும் காட்டிவிட்டுப் போனார். பாஸ்கல் என் பின்னால் பெருமூச்சு விட்டார். அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

தவசிமுத்து கடை நடத்துகிற மாதிரி ஆடினார், எடை பார்த்து, விலை பார்த்து. நான் அவரோடு மோதவே இல்லை. அவரும் ஸ்டானிஸ்லாஸும் மோதட்டும் என்று ஒதுங்கினேன், இடையில் கிடைத்த வரிகளை மட்டும் பொறுக்கினேன். அடுத்த வண்டி போய் வரி எட்டானபோது இருவரும் மோதினார்கள். தவசிமுத்துவுக்கு நல்ல வரிசை, ஸ்டானிஸ்லாஸுக்கு அதைவிடப் பெரிய வரிசை. கடைக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, பத்து நிமிஷம் என்று சொன்னது தப்புதான் என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது நானும் அவரும் மட்டும். என்னிடம் அறுபத்திரண்டு, ஸ்டானிஸ்லாஸிடம் அதன் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. கூடத்தில் மூச்சு விட இடமில்லை. வெளியே கேட்டுக் கம்பி வழியாகப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலுவையம்மாள் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குடத்தின்மேல் கை வைத்து நின்றாள். ஸ்டானிஸ்லாஸ் கிரீடத்தை எடுத்துத் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டார். மூன்று வருஷமும் கடைசி ஆட்டத்தில் அவர் செய்தது ஒன்றுதான். மூடி அதிகம் இருக்கிற தைரியத்தில் எதிராளியை அதட்டிக்கொண்டே இருப்பார், எதிராளி கவிழ்த்துக்கொண்டே இருப்பான். அவர் அதட்டுகிறவரை காத்திருந்தால் நானும் அப்படித்தான் போவேன்.

முதல் ஆட்டத்தில் பேச்சு, அதாவது முதலில் வைக்கிற முறை, என்னுடையது. கையில் மறுபடியும் குப்பை. ஆனால் அறுபத்திரண்டு என்பது குப்பை இல்லை. அதை அவர் ஏற்று நான் ஜெயித்தால், அவர் குவியல் பாதியாகும், ராஜா யார் என்பது தலைகீழாகும். அது அவருக்கும் தெரியும். சிலுவை போட்டேன், கொட்டினேன். மீசையைத் தடவினார். ஏழு ஜோடியை மேலே புரட்டிக் காட்டிவிட்டுக் கவிழ்த்தார். எவ்வளவு நல்ல சீட்டை விட்டுக்கொடுக்கிறேன் பார் என்று காட்டுகிற பெருமை. எனக்கு அந்தப் பெருமையில் பங்கு வேண்டாம், மூடிகள் போதும்.

அடுத்ததில் அவர் கொட்டினார், நான் கவிழ்த்தேன். மூன்றாவது ஆட்டத்துக்கு முன் இன்னொரு வண்டி, எல்லா வாகனிலும் கோதுமை, தரை அதிர்ந்தது. வரி பதினாறு. அவர் கவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் இப்போது பதினாறு மூடி என் பக்கம் வரும். அந்த ஆட்டத்திலும் நான் முந்திக்கொண்டேன். அதற்கடுத்த ஆட்டத்தில் பேச்சு அவருடையது. சீட்டைப் பார்த்து முகம் சுளித்து, கொட்டாமல் பாயைச் சும்மா தட்டி முறையை என்னிடம் விட்டார். நான் கொட்டினேன். இரண்டு முறையும் பயந்தேன், இரண்டு முறையும் சிலுவை போட்டேன், இரண்டு முறையும் அவர் கவிழ்த்தார். என் குவியல் அவர் குவியலைவிட ஒரு விரல் உயரமாயிற்று. கலீலுல்லா பாய் சீட்டைக் கலைப்பதை நிறுத்திவிட்டு இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டானிஸ்லாஸின் கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னாம்மே, நாள் பூரா உனுக்கே சீட்டு வருதா?" என்றார்.

அடுத்த மூன்று சீட்டைப் பார்த்தேன். இஸ்பேட் ஆஸ், கிளாவர் ஆஸ், ஒரு நாலு. அன்று முழுவதும் வராத ஜோடி அப்போது வந்தது. எனக்கு ஒரு பயமும் இல்லை. சாதாரணமாகத் தள்ளுகிற மாதிரி இரண்டு கையாலும் என் மூடி எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன்.

ஸ்டானிஸ்லாஸ் என் கையைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. "இந்தவாட்டி சிலுவை போடல" என்று கூடத்துக்கே சொன்னார். "கையில ஒண்ணுமில்ல. ஆண்டவர் பேரைச் சொல்ல மனசு வரல." தன் மூடி மொத்தத்தையும் வைத்தார். அவரிடம் ஜாக்கி ஜோடி இருந்தது.

நான் என் சீட்டைத் திருப்பினேன். பாஸ்கல் ஆண்டவரே என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் முட்டியை ஊன்றி எழுந்து, சாவிக்காகக் கையை நீட்டினேன். கிரீடத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன்.

அவர் மடியில் கை வைத்தார், ஆனால் எடுக்கவில்லை. ராஜாதான் சாவி வைக்கலாம் என்பது வழக்கம், ராஜா என்றால் ஆம்பளை, பொம்பளை ஜெயித்தால் என்ன செய்வது என்று வழக்கம் எதுவும் சொல்லவில்லை என்றார். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடட்டும், பேசி முடிவு பண்ணுவோம், அதுவரை சாவி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பின்னால் இரண்டு மூன்று பேர் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். பாஸ்கல் எழுந்து என் தோளைத் தொட்டு, "ஞாயித்துக்கெழமைதானே, பொறுமே" என்றார்.

என் உடம்பு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள்? பாதிப்பேர் ஷெட்டில் ஓவர்டைம், சிலர் காலாடிப்பேட்டையில் அம்மா வீட்டில், மிச்சம் நாலு பேர் கேட்டுக்கு வெளியே. அந்த நாலு பேரைப் பார்த்து இவரும் ஒரு பீடி பற்றவைப்பார். இன்றைக்குக் கேட்டுக்கு வெளியே சந்து முழுக்க நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சாயங்கால ஷிப்டுக்குச் சங்கு ஊதும். கோதுமைக் கப்பலில் ஸ்டானிஸ்லாஸின் கும்பலுக்கு வேலை, தண்டல் நேரத்துக்குப் போகாவிட்டால் கும்பலை வேறு ஒருவனிடம் கொடுத்துவிடுவார்கள். அவரிடம் இழக்க ஏதோ இருக்கிறது, எங்களிடம் இழக்கவைக்க ஆள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மறுபடி எப்போது வரும்?

நான் அந்தப் பெண்களிடம் எதுவும் கேட்டு வைத்திருக்கவில்லை. பலர் வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும், அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். உட்கார் என்றால் உட்காருவார்களா என்று எனக்குத் தெரியாது. கையில் ஒன்றுமே இல்லை. கேட்டருகே போய் நின்று, உள்ளேயும் வெளியேயும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சாவி என் கைக்கு வர்ற வரைக்கும் இந்தக் கேட்டாண்டருந்து ஒருத்தியும் நவுர மாட்டா. எங்களைத் தாண்டிக்கினுதான் நீங்க ஷிப்டுக்குப் போவணும். சங்கு ஊதட்டும், பாக்கலாம்."

ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் நான் பட்டது அன்று சீட்டு முன்னால் பட்ட எதையும்விட மோசம். பிறகு சிலுவையம்மாள் தன் குடத்தைக் கேட்டுக்கு நேராகக் கவிழ்த்து, கோலைப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலை மெல்ல நீட்டி, குடத்தின்மேல் உட்கார்ந்தாள். அடுத்தவள் உட்கார்ந்தாள். கவிழ்த்த குடங்களின் சத்தம் சந்து நெடுகப் போயிற்று. சவரிநாதனின் பெண்சாதியும் உட்கார்ந்தாள், அவள் உட்காருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் சிரிக்கப் பார்த்தார். பிறகு சங்கு ஊதியது. ஷிப்டுக்குப் போக வேண்டிய ஆண்கள் நாலைந்து பேர் அவரைச் சுற்றி வந்தார்கள். எங்களைத் தாண்டிப் போவதென்றால் தங்கள் வீட்டுப் பெண்கள்மேலேயே கால் வைத்துத் தாண்ட வேண்டும். சவரிநாதன் சொன்னார், "குடுத்துடு தண்டலு. ஆட்டத்துல தோத்துட்ட. வேலையையும் தோக்காதே."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் எழுந்து வந்து கேட்டுப் பூட்டைத் திறந்தார், சாவியை உருவி என் உள்ளங்கையில் போட்டார். அதோடு விடவில்லை. இது ஒரு வருஷத்துக்குத்தான் என்றும், பூட்டு மன்றத்துச் சொத்து, அதற்கு ஏதாவது ஆனால் பாஸ்கல்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

நான் கேட்டுக் கொண்டியிலிருந்து பூட்டைக் கழற்றினேன். அவர் கண் முன்னாலேயே அதை அழுத்திப் பூட்டினேன். பூட்டியதை அவர் கையில் கொடுத்தேன்.

"உங்க பூட்டை நீங்க பத்திரமா வெச்சுக்கோங்கண்ணே. சாவியை நான் வெச்சுக்கறேன்."

சாவியை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு கேட்டின் இரண்டு கதவுகளையும் சுவர்வரை தள்ளித் திறந்தேன்.